பிஸ்கட்டின் முதுகில் ஓர் எழுத்து

என் கடைக்குள் நுழைகிற யாரும் எந்தச் சாமானின் முகத்தையும் பார்ப்பதில்லை. கம்பெனிக்காரன் பாவம், மூன்று வண்ணத்தில் கோதுமைக் கதிரெல்லாம் வரைந்து பளபளவென்று அச்சடித்து அனுப்புகிறான். வாங்க வருகிறவர்கள் கையில் எடுத்ததும் அதைக் குப்புறத் திருப்புகிறார்கள். மூலையில் கடுகளவு முத்திரை இருக்கிறதா? இருந்தால் யாருடைய முத்திரை? பக்கத்தில் எழுத்து ஏதாவது உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் உள்ளே இருப்பது பட்டாணியா பற்பசையா என்ற விசாரணை தொடங்கும்.

ப்ரூக்ளினில் அவென்யூ எம்-மில் இருபத்தாறு வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பெயர் மோட்டல் ஷாஃப்ரன். நானும் யூதன்தான், நானும் திருப்பித்தான் பார்ப்பேன். பாலையும் இறைச்சியையும் கலக்கக்கூடாது என்ற கட்டளை சீனாய் மலையிலிருந்து வந்தது. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அந்த மலையிலிருந்து படிவங்களும் வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. என் எரிச்சல் அதைப் பற்றியதுதான்.

படிவங்கள் வருவது மான்ஹாட்டனிலிருந்து. அங்கே ஒன்பது மாடிக் கட்டடத்தில் இருக்கிறது கோஷர் முத்திரைப் பேரவை. கோஷர் என்றால் எங்கள் சட்டப்படி சாப்பிடத் தகுந்தது. எண்கோணத்துக்குள் ஒரு சின்ன விளக்கு, அதுதான் அவர்கள் முத்திரை. முத்திரை மட்டும் இருந்தால் உள்ளே பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, எதோடும் சாப்பிடலாம். பக்கத்தில் 'டி' இருந்தால் பால். 'எம்' இருந்தால் இறைச்சி. குழந்தைக்கும் புரியும். குழந்தைக்குப் புரிகிற எதையும் பேரவை ரொம்ப நாள் விட்டுவைப்பதில்லை. முதலில் உப்புக்கு முத்திரை கொடுத்தார்கள். அப்புறம் தண்ணீருக்கு. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற நாருக்கு. போன வருஷம் ஷூ பாலிஷுக்கும் வந்துவிட்டது. அதில் பாலும் இல்லையாம், இறைச்சியும் இல்லையாம். செருப்பை எந்தச் சாப்பாட்டோடும் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி.

இப்படி இருக்கும்போதுதான் சான்வில் மாட்டிக்கொண்டான்.

சான்வில் பொமெரான்ட்ஸ் என் பக்கத்துக் கடைக்காரன். மூக்குக்கண்ணாடி விற்கிறான். ஊரில் பாதிப் பேர் முத்திரையைப் படிக்க அவனிடம்தான் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். சாதுவான மனுஷன். அவன் ஒரே மகள் கிட்டலுக்கு வரன் அமைந்தது. பையன் பெயர் லிப்பா, லேக்வுட்டில் யெஷிவாவில், அதாவது வேதப் பள்ளியில், தங்கிப் படிக்கிறான். கண்டிப்பான யெஷிவா, மாணவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா கிரெய்ண்டல் பரோ பார்க்கில் தனியாக இருந்து அவனை வளர்த்தவள். அந்த அம்மாளின் சமையலறையில் பால் பக்கத்துக்கும் கறிப் பக்கத்துக்கும் நடுவே தரையில் நீல நாடா ஒட்டியிருக்கிறது என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சான்வில் வீட்டில். அதற்கு முந்தின வாரத்துச் சபாத்தன்று, அதாவது எங்கள் சனிக்கிழமை ஓய்வு நாளில், மாப்பிள்ளையை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். சான்வில் மனைவி பெஷி, வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி ராத்திரி முழுக்க வேகவிட்ட மாட்டிறைச்சி சோலண்டைப் பரிமாறினாள். சாப்பாடு முடிந்ததும், மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேள்விப்பட்ட கருவாப்பட்டை பிஸ்கட்டை ஒரு முழு பாக்கெட் அப்படியே அவன் முன்னால் வைத்தாள். என் கடையில் வாங்கியது. பன்னிரண்டு பிஸ்கட். அவள் சமையலறைக்குள் போய்த் தேநீரோடு திரும்புவதற்குள் பாக்கெட் காலி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சம்பந்தியம்மாள் போன் செய்தாள்.

"புள்ள நல்லா சாப்பிட்டானா, சம்பந்தியம்மா?"

"அதை ஏன் கேக்கறீங்க! சோலண்டு ரெண்டு தட்டு. அப்புறம் அந்தக் கருவாப்பட்டை பிஸ்கட்டு, ஒரு பாக்கெட்டு முழுசா! கண்ணுபடப் போகுது."



"எந்த பாக்கெட்டு? பழசா, இப்ப புதுசா வந்திருக்கே, அதுவா?"

"பிஸ்கட்டு பிஸ்கட்டுதானே, சம்பந்தியம்மா."

"குப்பையிலேர்ந்து எடுங்க. எடுத்துத் திருப்பிப் பாருங்க."

பெஷி எடுத்துத் திருப்பினாள். எண்கோணம். உள்ளே விளக்கு. பக்கத்தில் 'டி'. பத்தொன்பது வருஷமாக அந்தப் பிஸ்கட்டில் எழுத்தே கிடையாது. பழகின பொருளாயிற்றே என்று அவளும் திருப்பவில்லை, அடுக்கி வைத்த நானும் திருப்பவில்லை. பெஷி அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள் சம்பந்தியம்மாள். "கறி சாப்பிட்டா ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் என் புள்ள வாயில பால் போயிருக்கு. காய்ச்சல்ல கெடந்தப்பகூட. அதை ஒரே மத்தியானத்துல தொலைச்சுட்டீங்க."

"தெரியாம நடந்துபோச்சு..."

"தெரியாமத்தான் எல்லாம் நடக்கும். அதுல பால் இருக்கா இல்லியா, எனக்குத் தெரியணும். யார் முத்திரை போட்டாங்களோ அவங்க எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் உங்க வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். நிச்சயதார்த்தத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். லிப்பாகிட்ட யாரும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவான்."

சம்பந்தி கை நனைக்காத வீட்டில் என்ன நிச்சயதார்த்தம் நடக்கும்? கால் மணி நேரத்தில் சான்வில் என் கடை வாசலில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னய்யா வித்தே நீ?" என்றான்.

"பிஸ்கட்டு வித்தேன்."

"என் பொண்ணு காலையிலேர்ந்து ரூமை விட்டு வெளிய வரல. பெஷி சோலண்டுப் பானையைத் துணியால கட்டி பால்கனியில வெச்சிருக்கா. நீ பிஸ்கட்டு வித்தேங்கிறே!"

எங்கள் ஜெப ஆலயத்து ரப்பியைக் கேட்டோம். சம்பந்தியம்மாளின் ரப்பியையும் கேட்டோம். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: போட்டவனைக் கேள். ஆகவே திங்கட்கிழமை பேரவைக்குப் போன் செய்தோம்.

போனில் முதலில் ஒரு பதிவுக் குரல் வந்தது. நீங்கள் இனிமேல் சாப்பிடப் போகிறவராயின் ஒன்றை அழுத்தவும். சாப்பிட்டு முடித்தவராயின் இரண்டை அழுத்தவும். தற்போது வாயில் வைத்திருப்பவராயின் மெல்லாமல் காத்திருக்கவும். சான்வில் இரண்டை அழுத்தினான். சாப்பிட்டது நீங்களா, பிறரா? பிறர் எனில் உறவுமுறை என்ன? மாப்பிள்ளைக்கு எண் இல்லை. 'மைத்துனர் மற்றும் இதரர்' என்பதை அழுத்தினோம். ஐம்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார்.

"பாக்கெட்டுல என்ன போட்டிருக்கு?"

"டி போட்டிருக்குங்க."

"அப்ப டி தான்."

"சேர்மானத்துல பால்னே இல்லீங்களே. மாவு, சர்க்கரை, எண்ணெய், கருவாப்பட்டை. நானே லென்ஸ் வெச்சுப் படிச்சேன். உள்ள பால் இருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க."

"சார், நாங்க பாக்கெட்டுக்குப் பொறுப்பு. பிஸ்கட்டைப் பத்தி பிஸ்கட்டுதான் சொல்லணும்."

செவ்வாயும் புதனும் இதே கதை. புதன்கிழமை பேசியவர் கொஞ்சம் இளகின மனசுக்காரர். நேரில் வாருங்கள், ஆனால் பிஸ்கட்டைக் கொண்டு வராதீர்கள், இங்கே வெளிப்பொருள்களுக்கு அனுமதியில்லை என்றார்.

வியாழக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டுச் சான்விலோடு நானும் கிளம்பினேன். விற்றவன் என்ற பழி எனக்கும் இருந்ததே.

பேரவையின் வரவேற்பறையில் எண்கோணம் இல்லாத இடமில்லை. தண்ணீர் ஜாடியில் இருந்தது, காகிதக் குவளையில் இருந்தது, கை துடைக்கிற தாளில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"பால் கேள்வியா, கறிக் கேள்வியா?"

"பிஸ்கட் கேள்விங்க," என்றான் சான்வில்.

"எதுக்கு அப்புறம் சாப்பிட்ட பிஸ்கட்டு?"

"சோலண்டுக்கு அப்புறம்."

"அப்ப கறிக் கேள்வி. நாலாவது மாடி. சிவப்பு லிஃப்டுல போங்க. நீல லிஃப்டைத் தொட்டுடாதீங்க." எங்கள் இரண்டு பேர் கோட்டிலும் ஒரு சிவப்பு வில்லையைக் குத்தினாள்.

நாலாவது மாடியில் இறைச்சித் துறையின் ரப்பி ட்ரக்கர் இருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். முப்பத்தொரு கேள்வி அடங்கிய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு தாமே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சோலண்டின் சூடு எவ்வளவு, கறித்துண்டின் நீளம் என்ன, அவரை விதை முழுதா உடைத்ததா. பதினேழாவது கேள்வியில் நிறுத்தி, கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்குப் பல்லுல இடுக்கு இருக்கா?"

"மாப்பிள்ளை பாக்கப் போன எடத்துல பல்லை எண்ணலீங்களே, ரப்பி."

"இடுக்குல கறி தங்கும். அதனாலதான் ஆறு மணி நேரம். இதையெல்லாம் முதல்லயே பாத்திருக்கணும்." வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். 'இடுக்கு: சந்தேகத்துக்குரியது.'

"ரப்பி, எனக்குச் சந்தேகம் தீர்ந்தா போதும். பொண்ணோட வாழ்க்கை."

"தீர்க்கறதா?" ரப்பி ட்ரக்கர் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் பொமெரான்ட்ஸ், தப்பா நெனச்சுட்டீங்க. நாப்பத்தோரு வருஷமா இந்தப் பேரவை நடக்குது. மக்களுக்குச் சந்தேகம் வரணும், வந்தது கலையாம இருக்கணும், அதை ஒழுங்கா ஃபைல்ல போட்டு வெக்கணும். எல்லாரும் சந்தேகத்தைத் தீர்த்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா, நாளைக்கு எந்தச் சந்தேகத்தோட இங்க வருவாங்க?" ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். பிறகு படிவத்தில் முத்திரை குத்தி, "பிஸ்கட்டுல பால் இருக்கான்னு எனக்குத் தெரியாது. அது பால் துறை. ஏழாவது மாடி, ரப்பி கொஸ்மனைப் பாருங்க," என்று வழியனுப்பினார். அப்போது மணி பதினொன்று.

ஏழாவது மாடிக்கு நீல லிஃப்ட். அதன் வாசலில் நின்ற காவலாளி எங்கள் கோட்டிலிருந்த சிவப்பு வில்லையைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தான்.

"கறித் துறையிலேர்ந்தா வர்றீங்க? ஆறு மணி நேரம் ஆகணும்."

"எதுக்கு?" என்றான் சான்வில்.

"கறிக்கு அப்புறம் பால்னா ஆறு மணி நேரம். தெரியாதா?"

"நாங்க கறி எங்கய்யா சாப்பிட்டோம்? நாற்காலியில உக்காந்து படிவம் எழுதினோம்!"

"அந்த மாடியில மூச்சு விட்டீங்கல்ல?"

சான்வில் என்னைப் பார்த்தான். நான் காவலாளியைப் பார்த்தேன். அவன் வெட்கத்தோடு கழுத்தைச் சொறிந்துகொண்டான். "நான் சட்டம் போடறவன் இல்லீங்க. சட்டத்துக்குப் பக்கத்துல நிக்கிறவன். நீங்க முதல்ல பால் துறைக்குப் போயிட்டு கறிக்கு வந்திருந்தா வாயைக் கொப்பளிச்சுட்டு உடனே போயிருக்கலாம். தலைகீழா வந்துட்டீங்க."

"ஏழாவது மாடி எத்தனை மணி வரைக்கும்?"

"அஞ்சு."

பதினொன்றும் ஆறும் எவ்வளவு என்று கணக்குப் போடக் கண்ணாடிக் கடைக்காரன் தேவையில்லை. சான்வில் காத்திருப்போர் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தான்.

கூடம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காலி டப்பாவின் படம், முகத்தில் ஒரே மாதிரி கவலை. ஒரு மணி நேரம் ஆனதும் எதிரில் இருந்த சிவந்த மீசைக்காரர் எழுந்து, காவலாளியிடம் எதையோ காட்டிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

"அவரு மட்டும் எப்படிய்யா?" சான்வில் பாய்ந்தான்.

"அவங்க பூர்வீகம் ஆம்ஸ்டர்டாம். ஹாலந்துக்காரங்களுக்கு ஒரு மணி நேரம்தான் வழக்கம்."

இரண்டு மணிக்கு ஒரு ஜெர்மன் குடும்பம் எழுந்தது. அவர்களுக்கு மூன்று மணி நேரம். எங்களையெல்லாம் தாண்டிப் போகும்போது அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டாள். சான்வில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"எங்க தாத்தா மின்ஸ்க்ல மூணு தடவை வீடு மாறினாரு, மோட்டல். மூணு தடவை! கொஞ்சம் மேக்கால தள்ளிக் குடி போயிருக்கக் கூடாதா மனுஷன்?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் வீட்டில் முழுசாக ஆறு கிடையாது. ஐந்து மணி நேரம் முடிந்து ஆறாவதில் ஒரு நிமிஷம் போனால் போதும் என்பது என் அப்பாவின் வழக்கம். காவலாளியிடம் சொன்னேன். நம்பமாட்டான் என்று நினைத்தேன். அதற்கென்றே ஒரு படிவம் வைத்திருந்தான். நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு என்னை மட்டும் உள்ளே விட்டான். லிஃப்டின் கதவு மூடுகிற வரை சான்வில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "எழுதி வாங்கிட்டு வந்துடுடா," என்றான். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அவன் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

பால் துறையின் தலைவர் ரப்பி கொஸ்மன், பெரிய நீல மேஜைக்குப் பின்னால் சின்னதாக இருந்தார். பிஸ்கட்டின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கருவாப்பட்டையா! அது எங்க குழந்தையாச்சே. பதினாலு மாசம் உக்காந்து முடிவு பண்ணினோம். பதினோரு பேர் கமிட்டி."

"என்ன முடிவு, ரப்பி? அதுல பால் இருக்கா?"

"பாலா? ஒரு சொட்டு கிடையாது."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்ப டி?"

"அதுதான் சொல்ல வந்தேன். அந்த மெஷின்ல செவ்வாக்கிழமை பால் பிஸ்கட்டு ஓடும். அப்புறம் கழுவி, துடைச்சு, புதன்கிழமை உங்க பிஸ்கட்டு. கழுவின மெஷின்தான். கறிக்கு அப்புறம் தாராளமா சாப்பிடலாம். இதை எப்படிப் போடறதுன்னு யோசிச்சோம். 'பால் மெஷினில் செய்தது, ஆனால் பால் இல்லை' அப்படின்னு போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. பொதுஜனம் கொழம்பிடுமேன்னு நான் சொன்னேன். ஒண்ணுமே போடாம விடலாமான்னு இன்னொருத்தர். அப்ப எதுக்குக் கமிட்டி? அதனால கொழப்பம் இல்லாம ஒரே எழுத்தா டி-ன்னு போட்டுட்டோம்."

"பால் இல்லாததுக்குப் பால்னு போட்டுட்டீங்க."

"தெளிவா இருக்குல்ல?" என்றார் ரப்பி கொஸ்மன்.

"இதை அப்படியே ரெண்டு வரி எழுதிக் குடுங்க, ரப்பி. பால் இல்லைன்னு. ஒரு கல்யாணம் நிக்குது."

அவர் முகம் வாடியது. "எழுதினா, அப்ப டி எதுக்குன்னு கேப்பாங்களே. ஷாஃப்ரன், நீங்க மளிகைக் கடைக்காரர், உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன? பாக்கெட்டுல இருக்கிறதை மக்கள் நம்பணும். உள்ள இருக்கிறதைத் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சா நம்பிக்கை போயிடும். தெரிஞ்ச விஷயத்தை யாராவது நம்புவாங்களா?"

நான் கெஞ்சினேன். கிட்டல் அறையை விட்டு வராததைச் சொன்னேன். பால்கனியில் துணி கட்டிய பானையைச் சொன்னேன். அவருக்கும் பெண் இருந்தாள் போலிருக்கிறது, கண் கலங்கியது. "சரி, உண்மையை எழுதறேன்," என்று உள்ளே போனார். ஐந்து மணி ஆக இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒட்டிய உறையோடு வந்தார். உறை மேல் எண்கோணம். சம்பந்தியம்மாளின் பெயர். 'உரியவர் தவிர வேறெவரும் பிரிக்கலாகாது.'

கீழே சான்வில் அந்த உறையை வாங்கி முத்தமிட்டான், ஜெப ஆலயத்தில் தோரா வேதச் சுருளை முத்தமிடுகிற மாதிரி. நான் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டு, "அம்மா, அதுல பால் இல்லை, என் காதால கேட்டேன்," என்றேன். "நீங்க வித்தவர்," என்று சொல்லி வைத்துவிட்டாள். பரவாயில்லை, கடிதம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சான்வில் வீடு நிறைந்திருந்தது. வெள்ளை விரிப்பு, ரொட்டி, புகையிட்ட மீன், வறுத்த கோழி. கிட்டல் நீல உடுப்பில் நின்றாள், ஒரு வாரம் அழுத கண்களோடு. லேக்வுட்டிலிருந்து நேரே பஸ்ஸில் வந்து இறங்கிய லிப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் ஏன் தன்னைக் காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள் என்று அவன் விழித்துக்கொண்டிருந்தான். சம்பந்தியம்மாள் கோட்டைக் கழற்றவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

சான்வில் உறையைக் கொடுத்தான். அவள் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிரித்து, நிதானமாக, எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"மேற்படி பிஸ்கட்டின் மேல் காணப்படும் முத்திரை இப்பேரவையின் முத்திரையே என்றும், அதன் அருகில் காணப்படும் எழுத்து 'டி' என்ற எழுத்தே என்றும் இதன் மூலம் உறுதி செய்யப்படுகிறது."

அவ்வளவுதான். கீழே பதினோரு கையெழுத்து.

"பாலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லியே," என்றாள் சம்பந்தியம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள். பெஷி முகத்தை மூடிக்கொண்டாள். சான்வில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கணம் என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்பது மாடியையும் என் கையாலேயே இடித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"என்னம்மா காயிதம் அது?" என்று கேட்டான் லிப்பா.

 அவனே அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தான். காது வரைக்கும் சிவந்துபோனான்.

"இதுக்காகவா எல்லாரும் இப்படி நிக்கறீங்க?" என்றான். பிறகு ஜன்னலோரம் போனான். அங்கே துணிப்பூ வைத்த ஒரு பெரிய பீங்கான் ஜாடி. பூவை வெளியே எடுத்தான். முழங்கை வரை கையை விட்டு, ஒரு காகிதக் கைத்துண்டு முடிச்சை எடுத்து மேஜைமேல் பிரித்தான். கருவாப்பட்டை பிஸ்கட். உடையாமல், அடுக்காக இருந்தது.

"நானும் திருப்பிப் பாத்தேன்மா. டி இருந்துச்சு. மாமி அவ்வளவு ஆசையா வெச்சிருந்தாங்க. சாப்பிடலன்னா ஏன்னு கேப்பாங்க, சொன்னா சங்கடப்படுவாங்க. சபாத் அன்னிக்கு எதையும் சட்டைப் பையில போட்டுத் தெருவுக்கு எடுத்துட்டுப் போகவும் கூடாது. அதான் இதுல போட்டேன். அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலியேம்மா."

சம்பந்தியம்மாள் மேஜையருகே வந்து குனிந்து எண்ணினாள். விரலை வைத்து, ஒவ்வொன்றாக.

"பதினொண்ணுதான் இருக்கு."

லிப்பா தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணைக் கடிச்ச அப்புறம்தான் திருப்பினேன். துப்பலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மாமி தேத்தண்ணியோட வந்துட்டாங்க. அவங்க எதிரே எப்படித் துப்பறது? முழுங்கிட்டேன்."

 சம்பந்தியம்மாள் மகனைப் பார்த்தாள். பெஷியைப் பார்த்தாள். பெஷி விசும்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பாவும் முழுங்கியிருப்பாரு," என்றாள் சம்பந்தியம்மாள்.

கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், நான்தான் கிட்டத்தில் நின்றேன். நேரே சமையலறைக்குப் போய்ச் செம்பை எடுத்து வலக்கையில் இரண்டு தடவை, இடக்கையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். திரும்பி வந்து ரொட்டியைப் பிட்டாள். யாரோ 'மஸல் தோவ்' என்று வாழ்த்திக் கத்தினார்கள். சான்வில் அழுதுகொண்டே சிரித்தான், கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் கோழிக்குப் பதில் மீன் தட்டைச் சம்பந்தியம்மாளிடம் நீட்டினான். நான் இரண்டு குவளை அதிகமாகவே குடித்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் பேரவையிலிருந்து போன். முதல் நாள் சொன்னாரே, பிஸ்கட்டைப் பற்றிப் பிஸ்கட்தான் சொல்ல வேண்டும் என்று, அதே மனிதர். ஃபைலை மூட வேண்டுமாம்.

"மூடிடுங்க. மாப்பிள்ளை ஒண்ணுதான் சாப்பிட்டாரு, அதுலயும் பால் இல்லைன்னு உங்க ரப்பி கொஸ்மனே சொன்னாரு."

"ரப்பி சொன்னது கணக்குல வராது, எழுதலியே. மாப்பிள்ளை ஒண்ணுதான் சாப்பிட்டாருன்னு யார் சொன்னது?"

"அவரே சொன்னாரு."

பேனா கீறுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு ஆளின் வார்த்தை போதும், நம்பலாம் என்பது எங்கள் பழைய சட்டம். அந்த ஒரு வரியின் மேல்தான் அவர்கள் ஒன்பது மாடி கட்டியிருக்கிறார்கள். இதை அந்த மனிதரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"சார், அவர் சொன்னதை எப்படி எடுத்துக்கறது? அந்த மாப்பிள்ளைக்கு யார் முத்திரை?"

"அவங்க அம்மா முத்திரை," என்று சொல்லிப் போனை வைத்தேன்.